பன்னிரண்டு மில்லிமீட்டர்

நாலு துளை. பன்னிரண்டு மில்லிமீட்டர். ஆழம் நடுவிரல் அளவு.
ஒப்பந்தத் தாளில் என்னுடைய பகுதி அவ்வளவுதான்.
மிச்சத்தைப் பித்தளைப் பலகையில் வாசித்தேன்,
டிரில் சூடாறும் வரைக்கும்:
சார்ஜென்ட் பென்ஃபோல்ட், வயது இருபத்திரண்டு.
குண்டுவீச்சு விமானம். ஒரு பெப்ரவரி இரவு.
ஐந்து பேர் மலையிலிருந்து நடந்து இறங்கினார்கள்;
இவன் இறங்கவில்லை.

திப்பாவுக்குத் தெற்கே இந்தச் சரிவில் மரமே இல்லை.
வெந்த இரும்பின் நிறத்தில் கல்,
காலை ஒன்பதுக்கே செருப்பைக் கடிக்கும்.
கீழே கடல். எண்ணெய்க் கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன,
சங்கக்கடை வாசலில் எங்கள் சனம் நின்றதுபோல.

விமானத்தில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.
ஆடு ஓட்டிவந்த ஸயீத் தன் பட்டியைக் காட்டினான்:
தண்ணீர்த் தொட்டி, வளைந்த அலுமினியம்,
ஓரம் முழுக்க ரிவெட்,
அவன் பிறக்க முதலே அங்கே கிடப்பது.
எனக்கு அது புதினமில்லை.
எங்கள் பள்ளிக்கூட மணி
குண்டொன்றின் வெறுங்கோது.
முதலாம் பாடம் முடிந்ததென்று அதுதான் சொல்லும்.

"இந்தப் பிளேன் குண்டு போட்டதா?" என்று கேட்டேன்.
எஞ்சினியர் ஜாஸிம் பலகையைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.
"நீர்மூழ்கிகளுக்குத்தான். கடலில்."
கடலில் என்றால் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு
டிரில்லை வைத்தேன்.
கல் அலறியது. கதைக்காமலிருக்க நல்ல சாட்டு.

நான் குண்டுக்குக் கீழே வளர்ந்தவன்.
கிபிரா, ஹெலியா என்று
சோறு பிசைந்த கையை உதறாமலே அம்மா சொல்லுவா.
தவறஞ்சினிக்கு ஒன்பது வயது.
கொடியில் வெள்ளைச் சட்டை கிடந்தது,
மேலிருந்து பார்த்தால் தெரியும் என்று
அதை எடுக்கத்தான் பங்கருக்கு வெளியே ஓடினாள்.
பங்கரையே குழியாக்கினோம். விடிய இடம்பெயர்ந்தோம்.
ஒரு கல் நட நேரமில்லை; பிறகு போக வழியில்லை;
பிறகு போனபோது
இன்ன இடம் என்று காட்ட ஒரு தென்னைகூட இல்லை.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை.
போல்ட் ஏதும் ஆடினால் என்று எங்களையும் வரச்சொன்னார்கள்,
மலையடியில், பிக்கப்பில், கண்ணில் படாமல்.
டிரைவர் குல் மர்ஜான், வஜீரிஸ்தான்காரன்.
மேலே ஒரு குழல் ஊதி ஓய்ந்தது.
அதன்பிறகு, முன்னறிவிப்பில்லாமல், மலைமுதுகுக்குப் பின்னாலிருந்து
இரண்டு ஜெட். தாழ. மரியாதைக்காக.

அடுத்து எனக்குத் தெரிவது சரளைக்கல்,
பிக்கப்பின் அடிவயிறு, கிரீஸ் மணம்,
இரண்டு காதிலும் என் பெருவிரல்கள், வாய் பிளந்தபடி
(வாயைத் திறந்தால் செவி கிழியாது, சொல்லித்தந்திருந்தார்கள்).
பக்கத்தில், குப்புற, குல் மர்ஜான்.
தாடி முழுக்க மண்.
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
அவன்தான் முதலில் சிரித்தான்.
பிறகு இருவருக்குமே நிறுத்த முடியவில்லை.
மேலே யாரோ உயிர்த்தியாகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்,
வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தோம்.

கார்கள் எல்லாம் போனபின் ஏறினேன்.
மலர்வளையத்தை ஒரு ஆடு ஆராய்ந்துகொண்டிருந்தது.
விரட்டினேன், அரைமனதாக.
பென்ஃபோல்ட், உன்மேல் எனக்குக் கோபம் இருக்கவேண்டும்.
தேடிப் பார்த்தேன்.
இந்த மலை பெப்ரவரி இரவில் எப்படிக் குளிரும் என்பதுதான்
திரும்பத் திரும்ப வந்தது.
கீழே, வலப்பக்கத்துப் போல்ட்
உண்மையாகவே ஆடியது.
ஸ்பானரைப் போட்டேன்.
முழுதாக மூன்று சுற்று.